மேலே போகிற ஐநூற்றுப் பதினெட்டு பேர்

உட்காருவது என்றால் என்ன என்று ஜன்னலக்காவிடம்தான் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வைக்கும் தலையணை உறைக்கும் இஸ்திரி போடுகிற வேலை. எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே வருவாள். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், மற்றதெல்லாம் நின்றபடி. அந்தக் கூடத்திலும் ஒரு நாற்காலி உண்டு. அதில் மேற்பார்வையாளரின் குடை உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் அடுப்பும் பாத்திரமும் காத்துக்கொண்டிருக்கும். அவள் புருஷன் ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிற மனுஷன், வந்ததும் வராததுமாக “இடுப்பு விட்டுப்போச்சு” என்று கட்டிலில் சாய்ந்துவிடுவார். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதையும் நின்றுகொண்டுதானே சொல்ல வேண்டும்.

ஆகவே அவள் வாழ்க்கையில் உட்காருவது என்பது காலை ட்ராமில் முப்பத்தைந்து நிமிஷம். இடதுபக்கம், மூன்றாவது ஜன்னல். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடம் அவளுடையது. வேறு எவராவது தெரியாத்தனமாக அதில் உட்கார்ந்துவிட்டால், அவள் பக்கத்தில் போய் நின்று பெருமூச்சு விடுவாள். மூன்றாவது பெருமூச்சில் எழுந்துகொள்ளாத ஆள் இதுவரை பிறக்கவில்லை.

அந்த இடத்தை அவள் பிடிக்கிற விதம்தான் இந்தக் கதை. அவள் வீடு தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தருகே. அதற்கு அப்புறம் ஒரே ஒரு நிறுத்தம், கடைசி நிறுத்தம். அங்கே தண்டவாளம் ஒரு வட்டமடித்து வண்டியை ஊருக்குள் திருப்பி விடுகிறது. ஊருக்குப் போகிற வண்டி தண்ணீர்த்தொட்டிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். அதனால் தண்ணீர்த்தொட்டிக்காரர்கள் என்ன செய்வார்களென்றால், எதிர்ப்பக்கம் போய், கடைசி நிறுத்தத்துக்குப் போகிற காலி வண்டியில் ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்து, வட்டத்தைச் சுற்றி அதே வண்டியில் திரும்பி வருவார்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்க வேண்டும் என்று பெரிய பலகையே உண்டு. ஓட்டுநர் அந்தப் பலகையைப் பார்ப்பார், இவர்களைப் பார்ப்பார், பிறகு தன் வேலையைப் பார்ப்பார். இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவளே ஜன்னலக்காதான் என்று சொல்பவர்கள் உண்டு. அவளும் மறுத்ததில்லை.

கடைசி நிறுத்தத்துக்கு மேலே ஒரு குன்று. அதன்மேல் பெட்டி பெட்டியாகப் புதுக் குடியிருப்புகள். நிறுத்தத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கல்லெறிகிற தூரம்தான். போகிற சாலையோ குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறி உயிரை வாங்கிவிடும். அங்கேதான் அவள் தங்கை நாலு வருஷம் முன்பு வீடு வாங்கினாள். “அந்த மேட்டுல போய்க் குடியேறுறியே, யாரு வந்து உன்னப் பாப்பா?” என்று ஜன்னலக்கா அப்போதே கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், தான் சொன்னது சரிதான் என்று நிரூபிப்பதற்காக, போகாமலும் இருந்துவிட்டாள். ரெண்டு வருஷம் முன்பு தங்கை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தில் எட்டிப் பார்த்தாள். வீடு திரும்பிய அன்று டாக்ஸியில் கூடவே போய் விட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும்தான். தங்கையோ வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். கீழே இறங்க வழியில்லை.

இப்படி இருக்கும்போது நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. பழைய வண்டிகளை மாற்றிப் புது வண்டி விடப்போகிறார்களாம், பாதையைக் குன்றின்மேல் ஆறு நிறுத்தம் நீட்டப்போகிறார்களாம். பத்திரிகையில் படம் வந்தது. புது வண்டியில் இருக்கை இருபத்திரண்டு, நிற்க நூற்றியெண்பது பேருக்கு இடம். ஜன்னலக்கா அந்த எண்களைக் கண்ணாடி போட்டு ஒரு தரம், போடாமல் ஒரு தரம் படித்தாள். மேலே ஆறு நிறுத்தத்துக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டால், தண்ணீர்த்தொட்டிக்கு வண்டி வரும்போது கைப்பிடி கிடைத்தாலே பெரிய விஷயம். காலையில் நின்று, பகலெல்லாம் நின்று, சாயங்காலம் நின்று, ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம். நினைக்கும்போதே அவள் முழங்கால் வலித்தது.

தங்கை போனில் குதூகலமாக இருந்தாள். “அக்கா, ட்ராம் என் வாசலுக்கே வரப்போகுது. நானே கீழ வந்து உன்னப் பாக்கலாம்.”

“வரட்டும், வரட்டும்” என்றாள் ஜன்னலக்கா. வாய் அப்படிச் சொன்னது. மனசு இருபத்திரண்டு இருக்கையை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு இருக்கைக்காகக் கூடப்பிறந்தவளின் காலை ஒடிக்கப் பார்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எண்ணினாள்.

நகராட்சி தன் திட்டத்துக்கு ஆதாரமாக ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் தண்ணீர்த்தொட்டியில் ஐநூற்றுப் பதினெட்டு பேர் குன்றின் பக்கம் போகிற வண்டியில் ஏறுகிறார்கள். இத்தனை பேரும் கடைசி நிறுத்தத்தில் இறங்கி வெயிலிலும் மழையிலும் மேடேறி நடக்கிறார்கள். இந்த அவலத்துக்கு முடிவு வேண்டாமா? கணக்கெடுப்பாளர்களைத் தண்ணீர்த்தொட்டியில் நிறுத்தியவர்கள் கடைசி நிறுத்தத்தில் ஒருவரையும் நிறுத்தவில்லை. கடைசி நிறுத்தம் என்றால் எல்லோரும் இறங்கித்தானே ஆக வேண்டும், அங்கே எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் நியாயம்.

இதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தவர் வங்கிக்காரர். வழுக்கைத் தலை, மடித்த பத்திரிகை, எட்டு மணி வண்டி. அவரும் அதே ஜன்னலில் உட்கார்ந்து வட்டமடிக்கிறவர்தான். தண்ணீர்த்தொட்டிக்காரர்களை டீக்கடையில் கூட்டி வைத்துப் பேசினார்.

“அந்த ஐநூத்திப் பதினெட்டும் நம்மதான். யாராவது ஒருத்தர் கூட்டத்துல எழுந்து உண்மையச் சொன்னாப் போதும், திட்டம் குப்பைக்குப் போயிடும்.”

“அப்ப நீங்களே சொல்லுங்களேன்” என்றாள் ஜன்னலக்கா.

“நான் பொறுப்புள்ள உத்தியோகத்துல இருக்கேன். இறங்காம சுத்துறேன்னு எப்படிச் சொல்றது? நீங்க சொன்னா ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்கக்கா.” சொல்லிவிட்டு, எழுதியே கொண்டுவந்திருந்த தாளை நீட்டினார். “மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்தது. ஜன்னலக்கா வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பொய் சொல்லச் சொல்லவில்லையே, உண்மையைத்தானே சொல்லச் சொல்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நகராட்சி மண்டபத்தில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். நூறு நாற்காலி போட்டிருந்தார்கள், முந்நூறு பேர் வந்திருந்தார்கள். ஜன்னலக்கா ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சுவரோர நாற்காலியைப் பிடித்துவிட்டாள், பழக்க தோஷம். திட்ட அதிகாரி திரையில் பச்சைப் புள்ளிகளைக் காட்டினார்; ஒவ்வொரு புள்ளியும் ஒரு பயணியாம். ஒரு பேராசிரியர் உலகத்தில் ட்ராம் தோன்றிய வரலாற்றை ஆரம்பித்து, குதிரை இழுத்த காலத்தைத் தாண்டுவதற்குள் மணி அடித்து உட்கார வைத்தார்கள். குன்றில் வீடு விற்கிற தரகர் ஏழைகளை நினைத்துத் தழுதழுத்தார். சாலையைத் தோண்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கத்தினார்கள். ஒருவர் குடிநீர்க் குழாயைப் பற்றி ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளிய பிறகுதான் அவர் போக வேண்டியது பக்கத்து அறை என்று தெரிந்தது. அவருக்கும் கைதட்டினார்கள்.

அப்போது கதவருகே வாக்கரின் டொக் டொக் சத்தம். தங்கை. பால் வண்டிக்காரரைக் கெஞ்சி, முன் இருக்கையில் ஏறி வந்திருக்கிறாள். உட்கார இடமில்லாமல் அப்படியே நின்றாள். ஜன்னலக்கா எழுந்துகொள்ள நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் வேறு யாரோ எழுந்து இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஜன்னலக்காவுக்கு முன்னால் தங்கையைத்தான் கூப்பிட்டார்கள். மைக்கைக் கீழே இறக்கிக் கொடுத்தார்கள்.

“நான் மேட்டுல குடியிருக்கறவ. இந்த ட்ராம் வரலேன்னா நான் வீட்ட விட்டு வெளிய வரவே முடியாது. ஆனா இந்தச் சார் காட்டின கணக்கு எனக்குப் புரியல. ரெண்டு வருஷமா நான் ஜன்னலோரத்துலதான் உக்காந்திருக்கேன். கடைசி நிறுத்தம் எங்க வீட்டுக்கு நேர் கீழ. இத்தன நாள்ல ஒரு காலைலகூட மேடேறி நடந்து வந்தவங்க அம்பது பேரத் தாண்டினதில்ல.”

அதிகாரி குறுக்கிட்டார். “அப்ப வண்டியில வர்ற மத்தவங்க எல்லாம் எங்கம்மா போறாங்க?”

“எங்கயும் போகல. உக்காந்தே வந்து, உக்காந்தே திரும்பிப் போறாங்க.”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. தண்ணீர்த்தொட்டிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். பொறுப்புள்ள உத்தியோகத்துக்காரர் பத்திரிகையை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

“உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?” என்று தலைவர் கேட்டார்.

“எங்கக்கா அந்த வண்டியில வரும். ஏழு இருபது வண்டி, மூணாவது ஜன்னல். தினம் பாப்பேன், கை காட்டுவேன். அது மேல பாக்காது. வண்டி திரும்பிப் போயிடும்.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை பெய்தது, நின்றது என்பதுபோலச் சொன்னாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. ஜன்னலக்காவுக்கு நெஞ்சில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்தாற்போல இருந்தது.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். பின்னாலிருந்து வங்கிக்காரர், “அக்கா, தாள்ல உள்ளதப் படிங்க” என்று கிசுகிசுத்தார்.

“நீங்களே படிச்சுக்குங்க, உக்காந்துகிட்டு” என்று சொல்லித் தாளை அவர் மடியில் போட்டுவிட்டு மைக் முன்னால் நின்றாள். “அவ சொன்ன அக்கா நான்தான். கணக்கு தப்பு. ஆனாலும் மேல தண்டவாளம் போடுங்க.”

“பயணிகளே இல்லாத இடத்துக்கு எப்படிம்மா போடறது?”

“இருக்கற அம்பது பேருக்குப் போடுங்க. எனக்கு உக்கார இடம் போயிடும். போகட்டும்.”

“ஆதரவு” என்று எழுதிக்கொண்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து மறு கணக்கெடுப்பு, இந்தத் தடவை கடைசி நிறுத்தத்தில், என்று தலைவர் அறிவித்தார். ஜன்னலக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வருவதற்குள் பால் வண்டி போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் மணி அடிக்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல எதிர்ப்பக்கம் ஏறினாள், மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தம் வந்தது. எழுந்தாள். பின்னால் இடமில்லாமல் நின்றிருந்த ஒரு டீச்சர், அவள் முழுசாக எழுந்துகொள்வதற்குள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கீழே ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தாள்.

“மேல போறீங்களா, திரும்பவா?”

“மேல.”

பெண் ஒரு கோடு போட்டாள். அந்தப் பத்தியில் அதுவரை மூன்றே கோடுதான் இருந்தது.

ஏற்றம் அவளைச் சும்மா விடவில்லை. முதல் வளைவில் மூச்சு முட்டியது, இரண்டாவதில் முழங்கால் கெஞ்சியது, மூன்றாவதில் தங்கையையும் தரகரையும் குன்றைப் படைத்தவனையும் சேர்த்துத் திட்டினாள். சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தாமதம் இன்றைக்கு. மேற்பார்வையாளரின் குடை என்ன நினைக்குமோ.

தங்கை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்கரோடு நின்றிருந்தாள்.

“நீ இறங்கினப்பவே பாத்துட்டேன். அரை மணி நேரமா வர்ற?”

“மூணு எடத்துல நின்னேன்” என்றாள் ஜன்னலக்கா. அழுகை வந்தது. மூச்சு வாங்குவதாகக் காட்டிக்கொண்டாள். அதை நம்புகிற தங்கையா அவள்?

“உள்ள வா. மொதல்ல உக்காரு.”

ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது, குஷன் நடுவில் குழிந்துபோய். ஜன்னலக்கா அதில் உட்கார்ந்தாள். தங்கை ஒரு டம்ளர் டீயை வாக்கரின் தட்டில் வைத்து, சிந்தாமல், ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழே எட்டு மணி வண்டி வந்து வட்டத்தில் நின்றது. அங்கிருந்து எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது: ஓட்டுநரின் தொப்பி, பலகையின் எழுத்து, மூன்றாவது ஜன்னலில் வங்கிக்காரரின் வழுக்கை, அவர் புரட்டுகிற பத்திரிகை.

ஜன்னலக்கா டம்ளரை வைத்துவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினாள். நன்றாக, தோள் வலிக்க ஆட்டினாள். வங்கிக்காரர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வண்டி திரும்பிப் போயிற்று.