கோழிக்குச் சனிக்கிழமை, நேர்த்திக்கு வெள்ளிக்கிழமை

ஊர் காட்டுற தொழில் எண்டால் பாதி நேரம் டொய்லெட் காட்டுற தொழில்தான். மொன்றியலிலை வான் ஓடின காலத்திலை நான் படிச்ச முதல் பாடம் அது. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கிலை காலமை கார்டெரிக்கு, அதுதான் பிள்ளை பராமரிக்கிற இடத்துக்கு, போற குஞ்சு குருமனுகளை ஏத்தி இறக்கிப்போட்டு, பகலிலை விசிட் விசாவிலை வந்த அம்மா அப்பாமாரை ஏத்துவன். பெத்த பிள்ளையளுக்கு லீவு கிடையாது, என்னட்டை வான் இருக்கு. உங்கடை வீட்டுக்கும் இப்பிடி ஆக்கள் வந்திருப்பினம். நயாகராவைக் காட்டினாலும் "இவ்வளவுதானோ?" எண்டு கேட்டிருப்பினம். ஆனபடியால் நான் பட்டது உங்களுக்கு விளங்கும்.

இது ஒரே ஒரு நாள் கதை. கொடிகாமத்திலை ஸ்டேசன் மாஸ்டராய் இருந்து பென்சன் எடுத்தவர் ஒருத்தரும் அவற்றை மனுசியும். நான் கூப்பிடுறது மாஸ்டர், அன்ரி எண்டு. நகரத்துக்கு வெளியிலை கர்க்லாண்டிலை மகன் வீடு. அடுத்த நாள் ரெண்டு பேருக்கும் ஊருக்குப் பிளேன். வழியனுப்பச் சனம் வருது, ஆறு மணிக்குள்ளை கொண்டு வந்து விடுங்கோ எண்டு சொல்லித்தான் மகன் ஏத்திவிட்டவர்.

பின் சீற்றிலை ஒரு குசுகுசுப்பு

மாஸ்டர் ஏறினதும் முதல் வேலையாய்க் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். அது இலங்கை நேரத்திலை ஓடுது. வந்து அரை வருசமாகியும் முள்ளைத் தொடேல்லையாம். ஆளாளுக்கு மணிக்கூட்டை மாத்தினால் ரயில் கோச்சி ஒண்டோடொண்டு முட்டும் எண்டுறது அவற்றை சித்தாந்தம்.

பெற்றோல் அடிக்க நிப்பாட்டின இடத்திலை மனுசன் இறங்கிக் கால் நீட்ட, அன்ரி என்ரை தோளைத் தட்டினா. பனிக்காலத்திலை மகன் வேலைக்குப் போன நேரம் பார்த்து மாஸ்டர் வாசலிலை குவிஞ்ச சினோவை ஆசைக்குத் தள்ளப் போனவராம். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டார். ஆஸ்பத்திரி ஜன்னலாலை பார்க்க, மலையிலை ஒரு பெரிய கோயில் கூரை தெரிஞ்சுதாம். என்ன சாமி எண்டும் தெரியாமல் அன்ரி கையெடுத்திருக்கிறா. இவர் எழும்பி நடந்தால் உன்ரை வாசலுக்கு முழங்காலிலை வாறன் எண்டு நேர்த்தி. பேந்துதான் அது சூசையப்பர் கோயில் எண்டு அறிஞ்சவ. அங்கை முழங்காலிலை ஏறுறதுக்கெண்டே நடுவிலை மரப்படி இருக்கெண்டு கேள்விப்பட்டதும் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துதாம்.

மகனுக்குச் சொன்னால், உந்த மூட்டு வருத்தத்தோடை விசர் வேலை வேண்டாம் எண்டுவார். மாஸ்டருக்குச் சொன்னால், காப்பாத்தினது டொக்டர், கடவுளுக்கு ஏன் கொமிசன் எண்டுவார். நாளைக்குப் பிளேன். இண்டைக்குத் தவறினால் கடனோடைதான் கட்டையிலை போகவேணும் எண்டு சொல்லிக் கண் கலங்கினா. நேர்த்திக்கெண்டு விடிஞ்சதிலையிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லையாம். வான் கண்ணாடியிலை தொங்கின என்ரை செபமாலையை ஒருக்கால் பார்த்துப்போட்டுச் சொன்னா:

"பிள்ளை, அவருக்கு ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளி. உங்களுக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தால் சரிதானே."

மலையைக் கண்ட மாஸ்டர்

முதலிலை, நகரத்துக்கு நடுவிலை இருக்கிற மலை உச்சிக்குக் கொண்டு போனன். கீழை டவுன்டவுன் கட்டிடமெல்லாம், அதுக்கு அங்காலை ஆறு. ஆரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அந்த இடத்திலை ஒரு நிமிசமாவது வாயடைச்சு நிப்பினம். அன்ரி ஊரைப் பார்க்கேல்லை, கோயில் கூரை எந்தப் பக்கம் எண்டு தேடுறா. அது மலைக்கு மற்றப் பக்கம் எண்டு கண்ணாலை காட்டினன்.

மாஸ்டர் ஒரு காலத்திலை மலைநாட்டு லைனிலையும் வேலை செய்தவர். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கீழை பார்த்தார், மேலை பார்த்தார். இதின்ரை பேரிலைதான் இந்த நகரத்துக்கே பேர் வைச்சது எண்டு நான் பெருமையாய்ச் சொல்லி முடிக்கேல்லை, சொன்னார்:

"பதுளைக் கோச்சி இதைக் கண்டால் மலை எண்டு ஹோர்னும் அடியாது."

ஓட்டை மட்டும் சரி

பேந்து பேகல் கடை. வளையம் மாதிரிப் பாண்; எள்ளுப் பிரட்டி, விறகடுப்பிலை சுட்டு, சுடச்சுடத் தருவாங்கள். நான் கூட்டிக்கொண்டு போற ஆக்கள் சாப்பிடேல்லையெண்டால் எனக்கு மானம் போனமாதிரி. அன்ரி தன்ரை பங்கை வாய்க்குக் கிட்டக் கொண்டு போய், மாஸ்டர் அங்காலை திரும்பின நேரம் பேப்பரோடை கைப்பைக்குள்ளை வைச்சா. மணம் மூக்கிலை அடிக்க எச்சிலை விழுங்கினதைக் கண்டன்.

மாஸ்டர் ரெண்டு பேகலைச் சாப்பிட்டு, மூண்டாவதை விரலிலை கொழுவிச் சுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்:

"ஓட்டை சரி. உளுந்தைத்தான் காணேல்லை."

ஊரிலை சனி பிறந்த நேரம்

இனி நேரே கோயில் எண்டு வானைத் திருப்பினன். தெருமுனையிலை போர்த்துக்கீசக் கடையொண்டு. கரியடுப்பிலை கோழி வாட்டுற மணம் வானுக்குள்ளை வந்திட்டுது. மாஸ்டர் நிப்பாட்டச் சொன்னார். இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நீங்கள் மச்சம் மாமிசம் தொடுறேல்லையே எண்டு அன்ரி ஞாபகப்படுத்தினா. எனக்கு நல்ல சந்தோசம். ஆனால் மனுசன் மணிக்கூட்டைப் பார்க்கிறார். எங்களுக்கு ரெண்டு மணி. ஊரிலை இன்னும் அரை மணித்தியாலத்திலை பன்னிரண்டு அடிக்கும், சனிக்கிழமை பிறந்திடுமாம். அதுமட்டும் பொறுப்பமாம்.

பொறுத்தம். கடைக்கு முன்னாலை வாங்கிலிலை மூண்டு பேரும் வரிசையாய். அவர் முள்ளைப் பார்க்கிறார், அன்ரி வறண்ட உதட்டோடை நிலத்தைப் பார்க்கிறா, நான் பல்லைக் கடிக்கிறன். ஆறு மணிக்குள்ளை கர்க்லாண்டுக்குப் போகவேணுமே, கோதாரி பிடிச்ச கோழி எண்டு மனசுக்குள்ளை திட்டினன். ஊரிலை சனி பிறந்த அந்த நிமிசம் மாஸ்டர் எழும்பிக் கடைக்குள்ளை போனார். அன்ரி தனக்கு வயிறு மந்தம் எண்டிட்டா. நான் கோவத்திலை ஒரு காலைச் சாப்பிட்டன். ஆறுதலாய் எலும்பு சூப்பி முடிச்சு, கையைத் துடைச்சுக்கொண்டு மாஸ்டர் சொன்னார்:

"எங்கடை கோயிலுகளை இடிச்சவங்கள்தான். ஆனால் கோழியை நல்லாய்ச் சுடுறாங்கள்."

டொய்லெட்டுக்குப் போன அன்ரி

கோயிலடியிலை வானை விட்டன். மாஸ்டர் உண்ட களையிலை கண் சொருகிக்கொண்டிருந்தார். அன்ரிக்கு டொய்லெட்டுக்குப் போகவேணுமாம், அது மேலை இருக்கு, கொஞ்ச நேரம் செல்லும் எண்டன். தொழில் பழக்கம், பொய் தானாய் வந்துது.

அன்ரி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு மரப்படியிலை முழங்காலை வைச்சா. நான் பக்கத்துப் படியாலை கூட நடந்தன். ஒவ்வொரு படிக்கும் "முருகா" எண்டா. சூசையப்பர் கோவிக்கமாட்டார் எண்டு நானும் பேசாமல் வந்தன். அரைவாசிக்குக் கிட்டப் போக வலது முழங்கால் மறுத்திட்டுது. ஏறவும் ஏலாது, எழும்பினால் நேர்த்தி முறிஞ்சிடும். மேல் படியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கிட்டா. நானும் அழுதன், ஏன் மறைப்பான்.

திரும்பிப் பார்க்கிறன், மாஸ்டர் வாறார். கிட்ட வந்து நிண்டு, டொய்லெட்டுக்கு முழங்காலிலையோ போறது எண்டு கேட்டார். இனி என்ன ஒளிப்பு. சினோ தள்ளினது, ஜன்னல், கூரை, நேர்த்தி எல்லாத்தையும் அன்ரி விக்கி விக்கிச் சொல்லிப்போட்டா. மனுசன் சப்பாத்தைக் கழட்டி என்ரை கையிலை தந்திட்டு, அவவுக்குப் பக்கத்திலை முழங்காலை வைச்சார். மச்சம் சாப்பிட்ட ஆள் ஏறக்கூடாது எண்டு அன்ரி பதறினா. எங்கடை சூசையப்பர் கோழி சாப்பிட்டவையையும் விடுவார் எண்டு நான் சொன்னன். நெஞ்சு வருத்தக்காரன் எண்டு எனக்கும் உள்ளுக்குள்ளை பயம்தான். ஆனால் அவற்றை முகத்தைப் பார்த்து மறிக்க மனம் வரேல்லை. அன்ரியின்ரை கையைப் பிடிச்சுச் சொன்னார்:

"எழும்பு. உயிர் என்ரை. அப்ப மிச்சப் படியும் என்ரைதான்."

பாதையிலை வேலை

ஒரு படிக்கு ஒருக்கால் இளைப்பாறி இளைப்பாறித்தான் ஏறினார். அன்ரி என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்துப் படியாலை நொண்டி நொண்டி வந்தா. அவர் நிக்கிற நேரமெல்லாம் எட்டிச் சீலைத் தலைப்பாலை அவற்றை பிடரியைத் துடைச்சுவிட்டா. நான் சப்பாத்தையும் தண்ணிப் போத்தலையும் காவிக்கொண்டு, மாதாவே இந்த மனுசனை என்ரை வானிலையே திருப்பிக் கொண்டு போகவேணும் எண்டு மன்றாடினன். மேலை போய்ச் சேர ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையள் மாதிரி நிலத்திலை இருந்திட்டினம். அன்ரி கைப்பையைத் திறந்து பேகலை எடுத்தா. அது கல்லாய்ப் போச்சு. பிய்க்க ஏலாமல் பிய்ச்சு, அரைவாசியை அவருக்கு நீட்டினா. இந்த முறை அவர் உளுந்தைப் பற்றி மூச்சும் விடேல்லை.

அப்ப என்ரை போன் அடிக்குது. மகன். ஆறு மணி தாண்டிட்டுது, வீடு நிறையச் சனம், எங்கை நிக்கிறியள் எண்டு கேக்கிறார். நான் போனைப் பொத்திக்கொண்டு மாஸ்டரைப் பார்க்கிறன். தன்ரை ஸ்டேசனாலை ஒரு கோச்சியும் பிந்தி வெளிக்கிட்டதில்லை எண்டு காலமை முழுக்கப் பெருமையடிச்ச மனுசன், முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"கோச்சி லேட் எண்டு சொல்லு பிள்ளை. ஏனெண்டு கேட்டால், பாதையிலை வேலை நடந்தது எண்டு சொல்லு."

இவ்வளவு காலம் ஆக்களுக்கு ஊர் காட்டி நான் கண்டு பிடிச்சது என்னெண்டால், மொன்றியலிலை பார்க்கவேண்டிய நல்ல இடமெல்லாம் டொய்லெட்டுக்குப் போறம் எண்டு சொல்லிப்போட்டுப் போற வழியிலைதான் கிடக்கு.