கனம் பத்து

சுபாஷிணி வரைந்த பேனல் எதுவும் அவள் வரைந்தபடியே பட்டறையை விட்டு வெளியேறியதில்லை. இடக்கொச்சிக் கம்பெனியில் அவள் டிசைன் எஞ்சினீயராகச் சேர்ந்து பதினான்கு வருடமாகிறது. ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் ஐஸ் பிளாண்டுக்கும் வருகிற மின்சாரத்தை வாங்கிப் பங்கு பிரித்து அனுப்புகிற, ஆள் உயர இரும்பு அலமாரிகளைச் செய்வதுதான் அங்கே தொழில். அந்த அலமாரிக்குப் பெயர் பேனல். அதற்குள் எந்த ஸ்விட்ச் எங்கே, எந்தச் செப்புப் பட்டை எதன் மேல் என்று கம்ப்யூட்டரில் வரைவது சுபாஷிணியின் வேலை.

அவள் வரைந்ததைத் தாளில் எடுத்துக் கீழே பட்டறைக்கு அனுப்புவாள். பட்டறை முகமது இஸ்மாயிலின் ராஜ்யம். அவர் வரைபடத்தை ஒரு யோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்வார். கேட்ட ஸ்விட்ச் கையிருப்பில் இல்லையென்றால் வேறொன்றைப் போடுவார். அதற்கு இடம் போதாவிட்டால் பக்கத்தில் இருப்பதை நகர்த்துவார். எல்லாம் முடிந்த பிறகு சிவப்புப் பேனாவால் தாள் முழுக்கக் கோடு கிழித்து மேலே அனுப்புவார். சுபாஷிணி உட்கார்ந்து, அவர் செய்து வைத்ததைப் பார்த்து மறுபடி வரைய வேண்டும். கம்பெனியில் இதற்கு ‘ஆஸ் பில்ட்’ என்று பெயர். செய்து முடித்ததைப் பார்த்து வரைய எஞ்சினீயர் எதற்கு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லிப் பார்த்தாள். ‘சேச்சி சூடாகண்டா’, கோபப்பட வேண்டாம் என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதனால்தான் ஒரு புது மென்பொருளுக்காக முதலாளி தரகன் சாரின் உயிரை வாங்கினாள்; தரகன் என்பது அவருடைய குடும்பப் பெயர். அதில் ஒரே ஒரு தடவை வரைந்தால் போதும். என்ன சாமான் வாங்க வேண்டும், எந்தக் கம்பி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அந்தப் படத்திலிருந்தே வந்துவிடும். செப்புப் பட்டையை வெட்டி, துளை போட்டு, வளைக்கிற மெஷினும் அதே படத்தைப் பார்த்து வேலை செய்யும். நடுவில் சிவப்புப் பேனாவுக்கு வழியே கிடையாது. வாழ்க்கையில் ஒரு பேனலாவது தான் வரைந்தபடி எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

தரகன் சார் கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ஒரு பேச்சு பேசி வைத்தார். “ஒரு பேனல் இதில் செய்து நோக்காம் சுபாஷிணி. சரியாயால் நிக்கட்டே. இல்லெங்கில் பழைய வழி மதி.” சரிவராவிட்டால் பழைய வழியே போதுமாம்.

மென்பொருளைக் கம்பெனிக்குள் கொண்டுவருவதென்றால் பெட்டியைத் திறந்து வைப்பது போல என்று அவள் நினைத்திருந்தாள். ஒரே ஸ்விட்சுக்குக் கொள்முதலில் ஒரு பெயர், ஸ்டோரில் ஒரு பெயர், பட்டறையில் மூன்றாவதாக ஒரு செல்லப் பெயர். அத்தனையையும் ஒன்றாக்கச் சொன்னால் ஸ்டோர்க்காரர் தன் பெயரை விட்டுக்கொடுக்கமாட்டார், கொள்முதல்காரர் போனையே எடுக்கமாட்டார். திரையில் பேனல் சுற்றிச் சுற்றித் திரும்புவதைப் பார்த்த பட்டறைக்காரர்கள் அதற்கு ‘சேச்சியுடெ சினிமா’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து மேஜை நிகில் வேலைக்கு வந்து இரண்டு வருடந்தான் ஆகிறது. அவன்கூட, “படம் எப்ப ரிலீஸ் சேச்சீ?” என்று கேட்டான். ஓணம் வந்தது, போனது. சாயா ஆறிப்போகும் வரைக்கும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செப்புப் பட்டைகளின் விவரம் மட்டும் பாக்கியிருந்தது. மென்பொருள் கொடுத்த கோயமுத்தூர் கம்பெனியில் வெங்கிட்டு என்றொரு பையன். பெயரைக் கேட்டதுமே அவளுக்குச் சந்தோஷம். நாள் முழுக்க மலையாளத்தில் சண்டை போட்டுவிட்டு, ஒருத்தனிடமாவது வீட்டுப் பாஷையான தமிழில் பேசலாம். எழுதி அனுப்ப நேரமில்லை என்று போனிலேயே சொல்லத் தொடங்கினாள். அவன் அங்கே தட்டிக்கொண்டே வந்தான்.

“மெயின் பட்டை எழுதிக்கோங்கோ. நீளம் நாலு மீட்டர். வீதி நூறு.”

“வீதிங்களா? எந்த வீதிங்க மேடம், தெருவுங்களா?”

மலையாளத்தில் வீதி என்றால் அகலம். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த அவளுக்கு வேறு வார்த்தை நாக்கில் வராது. “ஐயோ, அகலம், அகலம்!” என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்க தமிழ் கேட்க நல்லா இருக்குதுங்க என்று அவன் சொன்னான். சிரித்து முடித்துவிட்டு அவள் அடுத்ததைச் சொன்னாள்.

“கனம் பத்து.”

“சரிங்க. கனம் பத்து.”

அந்த வார்த்தைக்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரிந்த வார்த்தையாயிற்றே!

பேனல், மீன் உறைய வைக்கிற ஒரு கம்பெனிக்கு. இந்த முறை படத்தில் ஒரு கோட்டையும் மாற்றக்கூடாது என்று சுபாஷிணி பட்டறைக்கே இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இஸ்மாயில் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். “ஞான் ஒன்னும் தொடில்ல சேச்சீ. மெஷினாச்சு, நிங்களாச்சு.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மெஷின் எல்லாப் பட்டைகளையும் வெட்டி வளைத்துக் கொடுக்கும் வரை யாரும் கிட்டே போகவில்லை. பொருத்துவதற்கு எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு பட்டை இன்னொன்றின் மேல் ஏறி உட்கார வேண்டுமானால், அடியில் இருப்பதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவு உயர்த்தி வளைக்க வேண்டும். அடியில் இருந்தது ஸ்டோர் கையிருப்பிலிருந்து எடுத்த பத்து மில்லிப் பட்டை. மெஷின் வளைத்ததோ ஐந்து மில்லி. ஒன்றும் உட்காரவில்லை. வந்திருந்த போல்ட்டும் எட்டவில்லை. மறுநாள் மீன் கம்பெனிக்காரர்கள் பேனலைப் பரிசோதிக்க வருவதாக இருந்தது.

சுபாஷிணி அங்கேயே நின்று வெங்கிட்டுவைக் கூப்பிட்டாள். “கனம் பத்துன்னு சொன்னேனே, ஏன் அஞ்சாச்சு?”

“பத்துதானுங்க மேடம் போட்டிருக்கு. மீட்டருக்குப் பத்துக் கிலோ.”

“கிலோவா?”

“எடைங்க மேடம். கனம்னா எடைதானுங்களே? தடிமன் நீங்க சொல்லவே இல்லீங்க. இன்னொரு பட்டையக் காப்பி பண்ணி வெச்சேன், அதுல இருந்த அஞ்சு அப்படியே நின்னுபோச்சுங்க.”

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அந்தப் பட்டையின் எடையும் மீட்டருக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பையனுக்குச் சந்தேகம் வரக் காரணமே இல்லை. திரையில் அவள் நீளத்தைச் சரிபார்த்தாள், துளைகளைச் சரிபார்த்தாள். தன் வாயால் சொன்னதை மட்டும் பார்க்கவில்லை. பல மாதம் ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகப் பெயர்களை ஒன்றாக்கியவள், தன் வீட்டு வார்த்தையில் வழுக்கி விழுந்தாள்.

தரகன் சார் அறைக்குக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“கனம் என்னு வெச்சா திக்னஸ் அல்லே? அது கொச்சுக் குட்டிகளுக்குக்கூட அறியாம். நீ பறஞ்ஞது சரியா. தெற்று அவருடெ.”

தான் சொன்னது சரி என்று அந்தக் கம்பெனியில் யாரோ சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. முழுசாக மூச்சு விடுவதற்குள் அவர் மேலே பேசினார். நம் பேச்சு புரியாதவர்களின் மென்பொருள் நமக்கு வேண்டாம், இன்றே நிறுத்திவிடலாம், இஸ்மாயில் பழைய வழியில் செய்துகொள்ளட்டும். சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

சரியாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு இது! அவர் எண்ணை அழுத்துவதற்குள் சுபாஷிணி முந்திக்கொண்டாள்.

“சாரே, தெற்று எண்டெயா. ஞான் செக் செய்தில்ல. மென்பொருள் சரியா.”

தப்பு தன்னுடையது, மென்பொருள் சரிதான் என்று அவள் சொன்னதும் அவர் போனை வைத்தார். அவளை ஒரு மாதிரி பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. இத்தனை வருட அனுபவம் உள்ளவள் இதைக்கூடப் பார்க்கவில்லையா என்றார். செம்பு எவ்வளவு வீணாகிவிட்டது தெரியுமா என்றார். கடைசியில், மென்பொருள் இருக்கட்டும், ஆனால் இனிமேல் அதை நிகில் பார்த்துக்கொள்வான், நீ பழைய பேனல்களைப் பார் என்று முடித்துவிட்டார்.

பரிசோதனை தள்ளிப்போனது. இஸ்மாயில் பட்டைகளைக் கையால் வளைத்துப் பேனலை ஒப்பேற்றினார்.

வீட்டில் கணவன் சங்கர்ராம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ சொன்னது சரின்னு அவரே சொல்லியாச்சு. அப்பறம் எதுக்குத் தலையக் குடுத்தாய்?” என்றான்.

“இல்லாட்டா நிறுத்தியிருப்பாரே.”

“இப்போ மட்டும் உன் கையில இருக்காக்கும்?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவன் கேட்டது நியாயந்தான். நியாயமானதைக் கேட்டதற்காகவே அவன் மேல் கோபமாக வந்தது.

அடுத்த பேனலை நிகில் வரைந்தான். வரைந்தபடியே வந்தது. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று அழகாக உட்கார்ந்தன, சிவப்புப் பேனாவுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். சுபாஷிணியும் மாடிப்படியிலிருந்து பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தாள். முடியவில்லை. பிறகு மேஜைக்குத் திரும்பி, மீன் கம்பெனிப் பேனலின் ஆஸ் பில்டை வரைய உட்கார்ந்தாள்.

கோயமுத்தூரிலிருந்து வெங்கிட்டு, பாவம், குற்ற உணர்ச்சியில் மென்பொருளில் ஒரு திருத்தம் செய்து அனுப்பியிருந்தான். பட்டையை மெஷினுக்கு அனுப்புவதற்கு முன்னால் திரையில் ஒரு கட்டம் வந்து நிற்கும். தடிமன் இதுதானா என்று கேட்கும். சரி என்று சொல்லாமல் நகராது. பட்டறையில் எதற்கும் ஒரு செல்லப் பெயர் வைக்காமல் இருக்கமாட்டார்கள். இதற்கும் வைத்தார்கள்.

இப்போது ஒவ்வொரு பேனலுக்கும், மெஷினைத் தட்டுவதற்கு முன்னால் இஸ்மாயில் கீழேயிருந்து, எல்லாம் பார்த்து முடிந்ததா என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

“நிகிலே, சுபாஷிணி கழிஞ்ஞோ?”

“கழிஞ்ஞு, கழிஞ்ஞு!” என்கிறான் நிகில்.

முதல் சில தடவை, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.