அவருக்குப் பதிலாக நான் எடுத்த உபவாசம்

நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்குக் கூச்சமில்லை. ஸ்டெல்லா என்றால் வாயாடி என்று முதுநகர் முழுக்கத் தெரியும். ஆனால் சபை முன்னால் இந்தச் சாட்சியைச் சொல்ல மட்டும் இத்தனை மாதம் தயங்கினேன். இதில் தப்பு செய்தவள் நான். இரக்கம் காட்டியவர் கர்த்தர்.

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, என் வீட்டுக்காரர் சாமுவேல் கீரப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குக் குழாய் வேலைக்குப் போயிருந்தார். மாடிப்படியெல்லாம் பாசி. வழுக்கி விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கண்ணில் தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த மனுஷனை விட்டால் எனக்கு வேறு யார்?

வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்றார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடுவார்களாம். முந்தின நாள் சாயங்காலமே நர்ஸம்மா வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது, வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அது உபவாசம் மாதிரிதான் பட்டது. நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். உடம்பு முடியாதவரால் உபவாசம் இருக்க முடியாவிட்டால், வீட்டில் இன்னொருவர் அவருக்குப் பதிலாக இருப்போம், கர்த்தர் ஏற்றுக்கொள்வார். இவர் வேறு சர்க்கரை வியாதிக்காரர். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை கால் வெடவெடவென்று நடுங்கும், வேர்த்துக் கொட்டும். நான் ஒரு மேதாவி, யாரிடமும் கேட்காமல் நானே முடிவு பண்ணினேன். ஆண்டவரே, இவர் பட்டினியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். காலை ஆறு மணிக்கு, நர்ஸம்மா அந்தப் பக்கம் போன நேரமாக, அவருக்கு இரண்டு இட்லி ஊட்டிவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

எட்டு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. திட்டுவார்களோ என்று பயந்து, ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டேன். இவரும் வாயைத் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் வெளியே பெஞ்சுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். ஒரு தடையும் இல்லாமல் ஆபரேஷன் நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். மணிக்கணக்காக ஜெபிக்கிறவள் நான். அன்றைக்கு 'கர்த்தாவே' என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. வானத்திலிருந்து சத்தம் கேட்டது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பொய் சொன்ன வாயால் கர்த்தரிடம் எதையும் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். எழுந்து ஓடிப்போய் தியேட்டர் கதவைத் தட்டினேன்.

டாக்டரம்மாவே வெளியே வந்தார்.

"அவுங்க சாப்ட்டுட்டாங்க டாக்டர். நான்தான் ரெண்டு இட்லி குடுத்தேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் உள்ளே திரும்பி, ஊசி போட வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். முதுகு ஊசி சில பேருக்குச் சரியாகப் பிடிக்காதாம். அப்போது முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய் ஆளையே கொன்றுவிடுமாம்.

"பயமா இருந்தா என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா. அவரு சுகர பாத்துக்கறதும் என் வேலதான்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் பட்டினி என்று தெரிந்ததும், போய் முதலில் சாப்பிடச் சொன்னார்.

ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். வலி தெரியாமலிருக்க இடுப்பு மடிப்பில் ஒரு ஊசி போட்டார் டாக்டரம்மா. இரண்டு நாளாகத் தூங்காதவர் அன்று மத்தியானம் குழந்தை மாதிரி தூங்கினார். அன்று ராத்திரியிலிருந்து அவர் வெறும் வயிறாக இருந்தார். டிரிப்ஸ் ஏற்றி, மணிக்கொரு தரம் விரலில் குத்தி சர்க்கரையைப் பார்த்தார்கள். கை நடுங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார். முதுகு ஊசி ஒரு பக்கம் பிடிக்கவில்லையாம், முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்களாம். நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் அப்படி ஆகியிருந்தால்? தடை வேண்டாம் என்று நான் கேட்கப் போனேன். கர்த்தர் தடையைக் கொடுத்துத்தான் அவரைக் காப்பாற்றினார்.

சாயங்காலம் அவருக்கு நன்றாக நினைவு திரும்பியதும் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார், சாப்பிடக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னது தனக்கும் கேட்டது என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே மாமா என்று அழுதேன்.

"நீ பட்டினி கெடந்து ஊட்டுற, வேணாம்னு சொல்ல மனசு வரல புள்ள. அப்புறம் அவுங்க முன்னாடி ஒன்ன எப்புடி காட்டிக் குடுக்கறது?"

என்னைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று உயிரையே கொடுக்கப் போயிருக்கிறார் இந்த மனுஷன். அன்றைக்கு அழுத அழுகை நான் என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

இப்போது கோலில்லாமல் நடக்கிறார். அதோ கடைசி வரிசையில், எதற்கு இதையெல்லாம் சொல்கிறாள் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். நம் சபையில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் இப்போது நானும் துணைக்குப் போகிறேன். டாக்டர் கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன், ஜெபம் அதற்கு அப்புறம்.

உங்களில் யாராவது ஏதாவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு ஜெபம் வராமல் தவித்தால், எழுந்து போய்ச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிடுங்கள். கர்த்தர் திட்ட மாட்டார். நான் கண்டுகொண்டேன்.