ஓரகத்தியின் தயவு

டோலாவுக்கும் அவள் ஓரகத்தி சிக்ரித்துக்கும் ஆகவே ஆகாது. யார்க் நகரத்துக்கு வடக்கே ஆற்றங்கரையில் அண்ணனை ஒருத்தியும் தம்பியை ஒருத்தியுமாகக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். மாமியார் சாகும்போது மேலாடையில் குத்திக்கொள்ளும் தன் வெள்ளி ஊசியை மூத்தவள் சிக்ரித்துக்குக் கொடுத்தாள். போதாக்குறைக்கு டோலாவின் புருஷன் உல்ஃப், "அண்ணி சுட்ட ரொட்டி மாதிரி வராது" என்று சாப்பாட்டில் உட்கார்ந்து சொல்வான். அன்றைக்கு டோலா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள்.

கடல் தாண்டி வந்து முடிசூடிய அரசனுக்கு எதிராக வடக்கத்தி ஜனங்கள் கலகத்தில் கிளம்பியபோது, அண்ணன் தம்பி இருவரும் யார்க் நகரத்துக்குச் சண்டைக்குப் போனார்கள். இருவரும் திரும்பவில்லை. அரசனின் ஆட்கள்தான் வந்தார்கள். பனி கொட்டிய காலம். மாடுகளை வெட்டினார்கள், ஏரைக்கூட விடாமல் தானியத்தோடு போட்டுக் கொளுத்தினார்கள். முதலில் எரிந்தது சிக்ரித்தின் களஞ்சியம். அதைப் பார்த்தபோது தன் மனசு ஒரு நொடி குளிர்ந்தது என்று பின்னாளில் டோலாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மறுநொடி அவள் கூரையிலும் தீ வைத்தார்கள்.

பன்றிக் கொட்டிலடியில் சிக்ரித் ஒரு பானை வாற்கோதுமையைப் புதைத்து வைத்திருந்தாள். அதில் பாதியை எடுத்து வந்து நீட்டினாள்.

"எனக்குப் பிச்சை போடுறியாக்கா?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுடி. செத்துப் போனா யாரோட சண்டை போடுவே?"

அதுவும் தீர்ந்ததும் தெற்கே நடந்தார்கள். வழியெல்லாம் புதைக்க ஆளில்லாத பிணங்கள். கடைசியில் எங்கள் பண்ணை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே நான் பால்காரி. அந்தப் பஞ்சத்தில் சோற்றுக்காகத் தங்களை அடிமையாக விற்றுக்கொண்டவர்கள் ஏராளம். அதற்குச் சடங்கு ஒன்றுதான்: பண்ணை எஜமானியம்மாவின் இரு கைக்கு நடுவே தலையைக் கொடுத்தால் போதும், அப்புறம் தலை அவளுடையது.

எஜமானியம்மா சிக்ரித்தின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "நீ வா. அவ வேண்டாம், நோஞ்சான்."

"ரெண்டு பேரும்னா வர்றேன் தாயி. இல்லேன்னா இப்படியே போயிடறோம்."

எஜமானியம்மா முணுமுணுத்துக்கொண்டே இருவர் தலையையும் கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள். பட்டாணிக் கஞ்சியைக் குடித்துவிட்டு டோலா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பாத்தியா, இங்கேயும் அவளைத்தான் மொதல்ல கூப்பிட்டாங்க."

சிக்ரித்தின் தயவில் உயிர் பிழைத்ததை டோலாவால் தாங்க முடியவில்லை. வெறி பிடித்தவள்போல ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். சில வருஷத்தில் எங்கள் பண்ணையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதுவே வினையானது. எஜமானியம்மா சாகக் கிடந்தபோது, புண்ணியத்துக்காகச் சில அடிமைகளை விடுவித்தாள். சிக்ரித்தை விட்டார்கள். டோலாவை மட்டும், "அவ போயிட்டா ரொட்டிக்கு எங்கே போறது?" என்று எஜமானியின் மகன் நிறுத்திவிட்டான்.

வடக்கே கிளம்பும் அன்று சிக்ரித் அடுப்படிக்கு வந்தாள்.

"டோலா, நான் வேணா இருந்துடட்டுமா?"

"மறுபடி எனக்குத் தயவு காட்டவா? போ! எப்பவும் நீதானே முன்னாடி போவே."

சிக்ரித் அவள் மாவுக் கையைப் பிடிக்க வந்தாள். டோலா திரும்பிக்கொண்டாள். அன்றைக்குச் சுட்டதெல்லாம் கருகிப் போனது.

இரண்டு கோடை கழித்து ஊசி நூல் விற்கிறவன் வந்தான். வடக்கே எல்லாம் முள் மண்டிக் கிடக்கிறதாம். எங்கோ ஒரு குடிசையில்தான் புகை தெரிகிறதாம். சிக்ரித் பழைய இடத்திலேயே குடிசை போட்டிருக்கிறாளாம்.

"புதுசா ஒருத்தனைக் கட்டிக்கிட்டா" என்றான்.

பிசைந்துகொண்டிருந்த டோலாவின் கை நின்றது. "ஆளு எப்படி?"

"சண்டையிலே ஒரு கண்ணு போச்சு. காதும் மந்தம்."

டோலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு இடுப்பில் கட்டிய துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவளை அடிக்காம வச்சிருக்கானா?"

"தலைமேல வச்சுத் தாங்கறான்."

"தாங்குவான், தாங்குவான்" என்று சொல்லி, மாவை ஓங்கிப் பலகையில் அறைந்தாள்.