கணக்குத் தப்பாத மாத்திரைகள்

எனக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. கடைக்காரர் பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தால்கூடத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். மனநல ஆராய்ச்சிக்கு வந்த பிறகு இந்தக் குணத்துக்கு மரியாதையான பெயர் ஒன்று கிடைத்தது. கூர்ந்த கவனிப்பு என்றார்கள்.

திருப்பூரில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் மையம் ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பேசுவது என் வேலை. குடிகாரன் என்ற பெயரும் அந்த நோய்க்காரன் என்ற பெயரும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் அவருடைய சிகிச்சை என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வு. வருகிறவர்கள் முதலில் என்னை ஆராய்வார்கள். சொந்த ஊர் எது, இங்கே ராயபுரத்தில் உறவு உண்டா, வீட்டில் யாராவது பனியன் கம்பெனியில் இருக்கிறார்களா என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். தங்களுக்குத் தெரிந்த யாருக்கும் நான் தெரிந்தவள் இல்லை என்று உறுதியான பிறகுதான் பேச்சு வரும். ஒவ்வொருவரிடமும், இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று வாக்குக் கொடுப்பேன்.

நல்லூரிலிருந்து வந்த ஒருவருக்கும் அந்த வாக்கைக் கொடுத்தேன். நாற்பது வயதிருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிறவர். சனிக்கிழமை வேலை முடிந்ததும் குடிப்பதை, நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே, வேறு எதையோ மறைக்கிறார் என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

மையத்தில் ஒரு வழக்கம். அடுத்த மாத்திரை வாங்க வரும்போது பழைய பாட்டிலைக் கொண்டுவர வேண்டும். மிச்சத்தைக் கொட்டி நர்ஸ் எண்ணுவார். விட்ட நாட்கள் அதில் தெரிந்துவிடும். ரொம்ப ஒழுங்கானவர்களுக்கே ஒன்றிரண்டு கூடுதலாக நிற்கும். இவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எத்தனை நிற்க வேண்டுமோ அத்தனைதான் நின்றது. வாராவாரம் குடிக்கிற மனுஷனுக்கு ஒரு நாள்கூடவா மறக்காது? கூடுதலை வழியில் எங்கேயோ கொட்டிவிட்டு வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய கொஞ்ச நேரத்தில் அது நிச்சயமாகவும் ஆகிவிட்டது.

நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க கம்பெனியிலயும் இப்படித்தானுங்க மேடம். ஒரு பண்டல்ல ஒரு பீஸ்கூட ரிஜக்ட் இல்லீன்னா, செக்கிங் பண்ணுனவன் தூங்கிட்டான்னு மறுபடி பிரிச்சுப் பாப்பாங்க. நானு குடிக்கறனுங்க. மாத்திரையும் முழுங்கறனுங்க."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பதால்தான் கம்பெனியில் விஷயம் தெரியாமல் வண்டி ஓடுகிறது, அதில் மட்டும் கை வைத்துவிட வேண்டாம் என்றார். தலையாட்டினேன். அன்று சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் மையத்தின் கவுன்சலரிடம், அந்த நல்லூர்க்காரர் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றேன். அவர் நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கவுன்சலருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. போன் போட்டு, மூன்று மாத மாத்திரையைத் திருப்பித் தரச் சொன்னார். இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து வாங்க வேண்டும் என்று ஆயிற்று.

பாட்டிலைத் திருப்பித் தர வந்தவர் என் அறை வாசலில் நின்றார். "நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா மேடம்?"

"இல்லையே" என்றேன். குரல்கூட மாறவில்லை.

திருப்பூரில் ஓர் ஆள் பதினைந்து நாளுக்கு ஒருதரம் அரை நாள் லீவு கேட்டால், வேறு கம்பெனியில் வேலை பேசுகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் நல்ல செக்கிங் ஆள் கை நழுவினால் சூப்பர்வைசர் கதி அதோகதி. எந்தக் கம்பெனி என்று பார்த்து வர, மூன்றாவது லீவன்று அவர் பின்னாலேயே பைக்கில் ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். போனவர் பார்த்தது எங்கள் மைய வாசலில் இருந்த வரிசையை. அதே கம்பெனியில் தைக்கும் ஓர் அம்மா, அவரும் எங்களிடம் மாத்திரை வாங்குகிறவர், இதை என்னிடம் சொல்லும்போது கதவைச் சாத்தச் சொன்னார். மறுநாளிலிருந்து நல்லூர்க்காரர் பார்த்து அடுக்கிய பீஸை எடுக்க ஆட்கள் யோசித்தார்களாம். மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அடுத்த தவணைக்கு எங்கள் மையத்துக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தாமதமாக ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மாதக்கணக்கில் விடாமல் விழுங்கியவருக்குத்தான் அப்படி வரும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். யாராவது பார்க்கிறார்களா என்று நடுவில் கதவையும் பார்த்துக்கொண்டேன்.

பல நாள் முயற்சிக்குப் பிறகு போனை எடுத்தார். பின்னால் விசைத்தறிச் சத்தம். பல்லடம் பக்கமாக இருக்கலாம்; அவர் சொல்லவில்லை. முடிவு நன்றாக வந்திருப்பதைச் சொன்னேன். கவுன்சலரிடம் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"தெரியுங்க. நீங்க இல்லைன்னு சொன்னப்பவே தெரியும்."

இப்போது மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள், சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"முழுங்கறனுங்க. எங்க வாங்கறேன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டனுங்க."

வைத்துவிட்டார். முடிவுத் தாள் எதிரே மேஜையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னது உண்மையாக இருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.