குவைத்தில் இன்னும் ஒன்பது மணி ஆகவில்லை

என் மகள் ரெண்டாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது. புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் ஆலங்குடி வரைக்கும் நிலா ஏன் கூடவே வருது? கடலைச் செடி பூவை மேலே வச்சுட்டு, காயை மட்டும் ஏன் மண்ணுக்குள்ள ஒளிச்சு வைக்குது? வானத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கு?

எனக்குப் பொறுமை கம்மி. "பேசாம சாப்புடுடி, ஒங்க அப்பாகிட்டக் கேளு" என்று தள்ளிவிடுவேன். அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை லீவில் அவளுக்காகத் தேடிப் படித்து, வீடியோ காலில் சொல்லுவார். என்னிடம் "சாப்ட்டியா"வுக்கு மேல் பேச்சு வராது. அவளிடம் மட்டும் ஒரு மணி நேரம். பொறாமையாகத்தான் இருக்கும்.

ஒருநாள், "நமக்கு இருட்டிருச்சு, அப்பாவுக்கு மட்டும் ஏன் வெயில் அடிக்குது?" என்றாள். அதற்கு மட்டும் நானே உட்கார்ந்து பதில் சொன்னேன். உரித்த தேங்காயைச் செல்போன் டார்ச் முன்னால் சுற்றிக் காட்டி, "சூரியன் மொதல்ல நமக்கு வரும். ரெண்டரை மணி நேரம் கழிச்சுத்தான் அப்பாவுக்கு" என்றேன். தேங்காயைக் கையில் வாங்கி அவளும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

அந்த மழைக்காலத்தில் என் மாமனார் படுக்கையில் விழுந்தார். மகளுக்கு அவர்தான் ஐயா, அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறவர். என் வீட்டுக்காரர் லீவு கேட்டு, அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டார். தினமும் போனில் ஒரே புலம்பல்தான். "உசுரோட ஒரு தடவ பாத்துட்டாப் போதும்டி. அதுவரைக்கும் பாத்துக்க."

நானும்தான் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு காலையில், ஒன்பது மணிக்கு, அரை டம்ளர் காப்பி குடித்த கையோடு மாமா போய்விட்டார்.

போனில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கேவல் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. அதற்குள் மகள் வந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, அழாதீங்கப்பா. நமக்குத்தான் ஒம்பதரை. ஒங்களுக்கு ஏழுதான் ஆகுது. ஐயா ஒம்பது மணிக்குத்தான் போனாங்க. ஒங்களுக்கு இன்னும் ஒம்பது ஆகவே இல்லப்பா. இப்பவே கெளம்புனா ஐயாவப் பாத்துரலாம். ஓடி வாங்கப்பா!"

கூடியிருந்த பொம்பளைகள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அடிப்பாவி மகளே என்று வாய்வரை வந்தது. அவளைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. அவரும் திருத்தவில்லை.

"சரிங்கத்தா. இந்தா கெளம்பிட்டேன்" என்றார்.

எப்படியோ டிக்கெட்டை மாற்றி, திருச்சியில் இறங்கி, மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"லேட்டாயிருச்சாப்பா?"

அவர் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

"இல்லத்தா. அப்பா வர்ற வரைக்கும் ஐயா இருந்தாங்க" என்றார். அவள்தான் தன் பாவாடையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.