இலையானுக்கு வைத்த நேர்த்தி

சென்ற வருடம் வைகாசியில் இறந்துபோன இலையான்களுக்காக நான் தேம்பித் தேம்பி அழுதேன், அடியார்களே. என் பட்டமும் அவற்றோடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

எனது ஊர் கோப்பாய். அப்போது பல்கலைக்கழகத்தில் பிறப்புரிமையியல் இறுதி வருடம். பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு எப்படிக் கடத்தப்படுகிறது என்று படிக்கும் துறை அது. வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈ, அந்த இலையான்தான் எங்கள் ஆய்வுப் பிராணி. அதற்குக் கண் சிவப்பு. வெள்ளைக் கண்ணுள்ள ஓர் இனமும் உண்டு. அதைப் போத்தல்களில் வளர்த்து, சிவப்புக் கண்ணுள்ளவற்றோடு கலந்து, பிறக்கும் ஒவ்வொரு தலைமுறையையும் ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும்.

வெசாக் விடுமுறையில் ஆய்வுகூடத்துக் குளிரூட்டி நின்றுவிட்டது. எவருக்கும் தெரியவில்லை. திரும்பிப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்படி வெக்கை. எல்லாப் போத்தல்களின் அடியிலும் இலையான்கள் மிளகுத்தூள் போலச் செத்துக் கிடந்தன.

சிவப்புக் கண் இலையானை எந்த மாம்பழத்திலும் பிடிக்கலாம். வெள்ளைக் கண்ணுக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் மாதக்கணக்காகும். அதற்குள் அறிக்கை கொடுக்கும் நாள் கடந்துவிடும். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்க, நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த என்னைக் கண்டு அம்மா பதறிப்போனார்.

"ஆர் பிள்ளை செத்தது?"

"இலையான், அம்மா."

விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "முகத்தைக் கழுவு. பிள்ளையாரிட்டைப் போட்டு வருவம்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பல்கலைக்கழகம் போன பிறகு நான் கோயிலுக்குப் போவதே குறைந்திருந்தது. "இலையானுக்காக ஆரும் கும்பிடுவினமே, அம்மா?"

"எலியிலை ஏறித் திரியிறவர் இலையானை வேண்டாமெண்டு சொல்லுவாரே? நட."

சந்நிதியில் நின்று கைகூப்பினேன். "அப்பனே, இனி எனக்கு ஒரு வழியும் தெரியேல்லை" என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். அம்மா எனக்குப் பக்கத்தில் நின்று, மோதகப் பூசை செய்விப்பதாக வாய்விட்டு நேர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கொடிகாமத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர். சில மாதங்களுக்கு முன் அவர்களின் கண்காட்சிக்கு நாங்கள் ஒரு போத்தல் இலையான் கொடுத்திருந்தோம். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. நீங்கள் தந்த இலையான் பெருகிப்போச்சு. போத்தலை மாத்தி மாத்தி, பழம் மசிச்சுப் போட்டு வளத்துப் பாத்தன். இனி ஒரு நாளும் வீட்டிலை வைக்கேலாதெண்டு இண்டைக்கு விடியவே மனிசி சண்டை. வந்து எடுக்கிறியளோ?"

"சேர்... கண் என்ன நிறம்?"

"பொறுங்கோ, கண்ணாடி எடுக்கிறன்." நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "வெள்ளை, தங்கச்சி. ஒண்டுகூடச் சிவப்பில்லை."

நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார்.

அன்றே கொடிகாமம் போனேன். தண்ணீர்ப் பானையடியில் ஈரமணலில் வைத்து அவற்றை வெக்கைக்குத் தப்பவைத்திருந்தார் அந்த மனிதர். பஸ்ஸில் போத்தலை மடியில் வைத்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் "பிள்ளையாரே" என்றபடி வந்தேன். கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, தேனோ?" என்றார். "இல்லை அண்ணை, இலையான்" என்றேன். அதன்பிறகு என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருக்கவில்லை.

ஆய்வு முடிந்தது. அறிக்கையும் உரிய நாளில் போனது. கூடப் படித்தவர்களோடு நானும் பட்டம் வாங்கினேன். மோதகப் பூசைக்கு ஆசிரியரும் மனைவியும் வந்திருந்தார்கள்.

தற்செயல் என்றாள் தோழி ஒருத்தி. இருக்கலாம். எது எவ்வளவு தற்செயல் என்று கணிப்பதும் என் படிப்புத்தான். ஆனால் மாதக்கணக்காகப் பொறுத்திருந்த ஆசிரியரின் மனைவிக்கு அன்று காலை மட்டும் ஏன் பொறுமை போனது என்பதை என்னால் இன்றுவரை கணிக்க முடியவில்லை.

இப்போது நான் நாள்தோறும் கோயிலடியில் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுவிட்டே ஆய்வுகூடத்து வேலைக்குப் போகிறேன். இதைக் கேட்கலாமா என்று யோசிப்பதில்லை. உங்களுக்கும் வெளியே சொல்லக் கூச்சமான ஒரு கவலை இருக்கும். அதை அப்படியே கொண்டுபோய்ப் பிள்ளையார் முன்னால் வையுங்கள். அவர் சிரிக்க மாட்டார். சிரித்தாலும் கைவிட மாட்டார்.